நிகண்டுக் கல்வியும் ஒருபொருட் பலசொல்லும்

ஒரு பொருளைக் குறிக்கப் பல சொற்கள் தமிழில் உள என்று பெருமை பேசுவது நம்மவர் வழக்கம். கடலுக்கு இத்தனை பெயர், யானைக்கு இத்தனை பெயர் என எண்ணிக் காட்டுவாரும் உளர். பள்ளி மாணாக்கர்க்கென வெளிவரும் துணைநூல்களும் ‘ஒத்தகருத்துச் சொற்கள்’ என்ற தலைப்பின்கீழ் இப்பெயர்களை நிரையாக அடுக்கித் தருகின்றன. மாணாக்கன் அவற்றை மனனஞ் செய்கிறான். பின்னர்க் கட்டுரை எழுதும்போது, கோயில் வீதியிலே நீண்ட கொம்புகளையுடைய பிடி அசைந்து வந்தது என்று எழுதிவிடுகிறான். பிடி என்பது பெண்யானை என்று அவனுக்கு எவரும் சொல்லிக் கொடுத்திலர். யானை, வேழம், களிறு, பிடி என அடுத்தடுத்து நின்ற சொற்களை அவன் ஒன்றுக்கொன்று ஈடாகக் கொண்டான்.

இதனைக் கண்டு, பழைய நிகண்டுக் கல்வியின் எச்சமே இது, பொருளறியாது நெட்டுருப் பண்ணும் பழக்கத்தின் விளைவு என்று நிகண்டின்மேற் பழி போடுவாரும் உளர். அப்பழி பொருந்துமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். முடிபை முன்னரே கூறிவிடலாம்: பழி பொருந்தாது. நிகண்டு தனித்து நின்ற நூலன்று. சொற்றொகையை அது கொடுத்தது. சொற்களுக்கிடையே உள்ள வேற்றுமையை இலக்கணமும் உரையும் கொடுத்தன. இரண்டையும் ஒருங்கே பெற்ற மாணாக்கனே அக்காலத்தில் கற்றவன் எனப்பட்டான்.

தொல்காப்பியத்திலிருந்தே இதனைக் காணலாம். ஒரு பொருள் குறித்த பல சொற்களையும் பல பொருள் குறித்த ஒரு சொல்லையும் திரிசொல்லின் இருவகையாக எச்சவியல் கூறுகின்றது. உரியியல் உறு, தவ, நனி என்னும் மூன்றையும் மிகுதிப் பொருளில் ஒருங்கு வைக்கின்றது. பிற்கால நிகண்டுக்கு வித்து இவ்வியலே என்பர். பயிலாத சொல்லைப் பயின்ற சொல்லால் விளக்குவது இதன் முறை. ஆயினும், பொருளுக்குப் பொருள் கேட்டுக்கொண்டே போனால் அதற்கு எல்லையில்லை என்றும் அவ்வியலே எச்சரிக்கின்றது. ஒரு சொல்லுக்கு மற்றொரு சொல்லைப் பொருளாகக் கூறுவது கற்போனுக்கு ஒரு கைப்பிடியேயன்றி, இரண்டும் ஒன்றே என்னும் தீர்ப்பன்று என்பதை ஆசிரியர் நன்குணர்ந்திருந்தார்.

இனி, ஒருபொருட் சொற்களை வேறுபடுத்தும் இடங்களைப் பார்ப்போம். ஈ, தா, கொடு என்னும் மூன்றும் வேண்டிப் பெறுதலைக் குறித்து வருவன. இவற்றுள் ஈ என்பது தாழ்ந்தோன் உயர்ந்தோனிடம் இரக்குஞ் சொல். தா என்பது ஒத்தோன் கூறுவது. கொடு என்பது உயர்ந்தோன் கூறுவது. பொருள் ஒன்று, ஆனால் சொல்வோனும் கேட்போனும் நிற்கும் நிலை வேறு. அன்றியும், தருதல் தன்மை முன்னிலைகட்கும், கொடுத்தல் படர்க்கைக்கும் உரியன என்று கிளவியாக்கம் வேறொரு வரையறையும் செய்கின்றது. ‘எனக்குத் தந்தான்’, ‘அவனுக்குக் கொடுத்தான்’ என்பதே நெறி. இது வெறும் ஏட்டு விதியன்று. யாழ்ப்பாணத்துச் சிறு பிள்ளையும் ‘எனக்குத் தா’, ‘தம்பிக்குக் குடு’ என்று பிசகாது பேசுகின்றது. மலையாளமும் இவ்வேற்றுமையை இன்றளவும் காத்து வருகின்றது. மரபியலோ இளமைப் பெயர்களைக் கூறுமிடத்தில் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பதைத் தொகுத்து, எது எதற்கு உரியது என்று வகுத்துச் செல்கின்றது. தொகுத்தலும் வகுத்தலும் அங்கே ஒரே தொழிலின் இரு கைகள்.

இவ்வடித்தளத்தின்மேல் எழுந்தவையே நிகண்டுகள். அம்பர்ச் சேந்தன் என்னும் வள்ளலின் ஆதரவிற் செய்யப்பட்ட சேந்தன் திவாகரமே இன்று கிடைப்பனவற்றுள் முந்தியது. இதனை எட்டாம் அல்லது ஒன்பதாம் நூற்றாண்டினதாகக் கொள்வர். அதன்பின் பிங்கலந்தை. விருத்தப்பாவிற் செய்யப்பட்டு எங்கும் பரவியது, சமணராகிய மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு. திவாகரமும் சூடாமணியும் பன்னிரண்டு தொகுதிகளையுடையன. தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று பொருள்வகையால் தொடங்கி, பண்பு, செயல், ஒலி என்பவற்றைக் கடந்து, ஒருசொற் பல்பொருளிலும் தொகைப்பெயரிலும் அவை முடிகின்றன. விலங்கின் தொகுதியிலே பெண்யானைக்குரிய பெயர்கள் தனியே வகுக்கப்பட்டிருத்தலை ஈண்டு நினைக்க. நம் மாணாக்கன் நிகண்டையே நேரே கற்றிருந்தால் பிடிக்குக் கொம்பு முளைத்திராது.

நிகண்டு யாருக்காக எழுந்தது என்பதையும் மறத்தலாகாது. எதுகை மோனைக்கு ஏற்ற சொல்லைத் தேடும் புலவனுக்கும், பழம்பாட்டுக்குப் பொருள் காண விழையும் மாணாக்கனுக்கும் அது கருவியாயிற்று. சூடாமணியின் பதினோராந் தொகுதி இரண்டாம் எழுத்தாகிய எதுகை பற்றி அடுக்கப்பட்டது இதனாலேயே. உரைநடையிற் கட்டுரை எழுதுவோனுக்குச் செய்யப்பட்ட நூலன்று அது. அவனிடம் அதனை அப்படியே கொடுத்துவிட்டுக் குறை கூறுதல், ஏர் உழவில்லை என்று தராசை நோவது போலாம்.

யாழ்ப்பாணத்துத் திண்ணைப் பள்ளிகளில் நிகண்டு மனனஞ் செய்யப்பட்டது என்பது உண்மையே. ஆறுமுகநாவலர் 1849 இல் சென்னையில் அச்சேற்றிய முதல் நூல்களுள் சூடாமணி நிகண்டும் ஒன்று என்பது, அக்காலக் கல்வியில் அதற்கிருந்த இடத்தைக் காட்டும். அதனை உரையோடு அவர் பதிப்பித்தது கருதத்தக்கது. நிகண்டு ஓதிய மாணாக்கன் அதனோடு நின்றுவிடவில்லை. இலக்கியங்களை உரையோடு கேட்டான். நிகண்டில் ஒரே வரியில் நின்ற சொற்கள் செய்யுளில் தத்தம் இடத்தில் நிற்பதை அங்கே கண்டான். முதற்படி நினைவு, இரண்டாம் படி ஆட்சி. இரண்டாம் படியைக் கைவிட்டு, முதற்படியையும் குறுக்கி, பத்துப் பதினைந்து வரிகளாக அச்சிட்டுக் கொடுப்பதே இன்றைய துணைநூல் செய்யும் வேலை.

இடையில் நிகழ்ந்த மற்றொரு மாற்றமும் உண்டு. 1594 இல் சிதம்பர ரேவண சித்தர் செய்த அகராதி நிகண்டு சொற்களை முதலெழுத்து முறையில் வைத்தது. வீரமாமுனிவர் 1732 இல் இயற்றிய சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என நான்காகப் பகுத்து, நிகண்டின் பொருளை அகராதியின் வடிவில் வார்த்தது. அதன் பின் 1842 இல் மானிப்பாயில் அச்சிடப்பட்ட யாழ்ப்பாண அகராதியும், 67,000 சொற்களுக்கு மேற்கொண்ட 1862 ஆம் ஆண்டின் வின்சுலோ அகராதியும், 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியும் எழுந்தன. தேடுவோனுக்கு இவை செய்த நன்மை அளப்பரிது. ஆனால் நிகண்டிலே தம் இனத்தாரோடு கூடியிருந்த சொற்கள் அகராதியிலே எழுத்து முறையால் ஊர் ஊராகச் சிதறின. ஆங்கிலத்தில் ரோசே என்பார் 1852 இல் சொற்களைப் பொருள்வகையால் தொகுத்து வெளியிட்ட நூல் இன்றும் எழுத்தாளர் கையில் இருப்பதை நோக்கும்போது, திவாகரர் நெறி பழமைப்பட்டதென்று தள்ளுதற்கு எனக்கு மனம் வரவில்லை.

உரையாசிரியர்கள் சொன்னுட்பங் காட்டிய திறத்திற்கு இரண்டு சான்றுகள் போதும். அன்பும் அருளும் பொதுவில் ஒன்றாகவே வழங்குவன. பரிமேலழகரோ தொடர்புடையார்மேற் செல்வது அன்பு, தொடர்பு நோக்காது எல்லா உயிர்மேலும் செல்வது அருள் எனப் பிரித்தார். திருக்குறளும் அருளை அன்புக்குப் பிறந்த பிள்ளையாகவே உருவகித்தல் காண்க. தாயும் பிள்ளையும் ஒருவரல்லர். இனி, இறந்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம் பற்றிய தகுதி வழக்கு என்பர் இலக்கண உரையாளர். புறநானூற்றிலே குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்னும் பெயர்களைக் காண்கிறோம். அரசன் செத்தான் என்று எழுத அவர் கை கூசிற்று. நம் வழக்கிலும் காலமானார், சிவபதமடைந்தார், மோசம் போனார் என்பன ஒரே செய்தியைச் சொல்வன. மரண அறிவித்தலில் ‘மோசம் போனார்’ என்று அச்சிடுவாரில்லை. அயலவர் படலையில் நின்று சொல்லும்போது ‘சிவபதமடைந்தார்’ என்பாரும் அரியர்.

எச்சரிக்கையும் ஒன்று வேண்டும். வேற்றுமை இல்லாத இடத்தில் அதனைக் கற்பிக்கும் ஆசையும் நம்மிடம் உண்டு. உள்ளத்தின் தூய்மை உண்மை, வாயின் தூய்மை வாய்மை, மெய்யின் தூய்மை மெய்ம்மை என்னும் விளக்கம் மேடைகளிற் பெரிதும் விரும்பப்படுவது. கேட்க இனிது, ஆயின் உண்மை என்பது உள்ளதாந்தன்மை என்னும் பொருளில் ‘உள்’ என்னும் அடியிற் பிறந்தது, உள்ளத்தினின்று வந்ததன்று. அவ்வாறே கடல், சமுத்திரம் போன்ற இணைகளில் வேறுபாடு பெரும்பாலும் மொழிவரவு பற்றியது; பொருள்பற்றியதன்று. இவற்றில் நுட்பந் தேடி மாணாக்கனை அலைக்கழித்தல் வேண்டா.

மாறாக, உயிருள்ள வேற்றுமை எங்கே இருக்கின்றதோ அங்கே அவனை அழைத்துச் செல்லலாம். பரவை என்பதை நிகண்டுகள் கடலின் பெயர்களுள் வைத்தன. யாழ்ப்பாணத்தாரோ பரவைக்கடல் என்னும்போது குடாநாட்டின் உள்ளே பரந்து கிடக்கும் ஆழமற்ற நீரையே கருதுவர். ஆழியும் பரவையும் கடலே எனக் கற்ற பிள்ளைக்கு, ஒன்று ஆழ்தலினின்றும் மற்றது பரவுதலினின்றும் வந்தவை என்பதைத் தன் ஊர்க்கரையே காட்டிக் கொடுக்கின்றது. நீர்நிலைப் பெயர்களும் இத்தகையன. குளம், கேணி, துரவு, பூவல், மோட்டை, மடு, வில்லு என்பனவற்றை நீர்நிலை என ஒரு வரியில் அடக்கலாம். வன்னி விவசாயி அவற்றை அப்படி அடக்கமாட்டான். மோட்டை சிறு குளம். மடு ஆழ்ந்த நீரிடம். பூவல் மணலில் அகழ்ந்து நீர் முகக்குங் குழி. இச்சொற்களை மாணாக்கர் தத்தம் வீட்டிலே முதியோரிடம் கேட்டு வந்து, எது எங்கே வழங்கும், எதற்கு வழங்காது என்று இரண்டு வாக்கியம் எழுதுவாராயின், அது மரபியலாசிரியர் செய்த வேலையே. அவ்வாறு தொகுத்த ஏடுகள் ஒவ்வோர் ஊர்ப் பள்ளியிலும் சேருமானால் பேரகராதியில் இன்னும் ஏறாத சொற்கள் பல அவற்றில் அகப்படும் என்பதில் ஐயமில்லை.