குளியல் தொட்டிக் குழாய்

குளியல் தொட்டிக் குழாய் என்பது குளியல் தொட்டியில் சுடுநீரையும் குளிர்நீரையும் நிரப்பப் பயன்படும் திருகுகுழாய் ஆகும். இது தொட்டியின் விளிம்பிலோ சுவரிலோ பொருத்தப்படும்.

தேர்வு

இங்கிலாந்தின் பழைய வீடுகள் சிலவற்றில் குளிர்நீர் தெருக் குழாயிலிருந்து மிகுந்த அழுத்தத்துடனும், சுடுநீர் பரணிலுள்ள தொட்டியால் குறைந்த அழுத்தத்துடனும் வருகின்றன. அங்கு இரண்டையும் கலந்து தரும் கலவைக் குழாயைப் பொருத்தினால், குளிர்நீர் சுடுநீர்க் குழாய்க்குள் எதிர்த்துச் செல்லக்கூடும். எனவே தனித்தனிக் குழாய்களோ, ஒருவழி வால்வுகள் கொண்ட கலவைக் குழாயோ ஏற்றவை. விளிம்பில் பொருத்தும் கலவைக் குழாய்க்கான இரு துளைகளின் மையங்களுக்கு இடையே அந்நாட்டில் வழக்கமாக 180 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும்.

பொருத்துதல்

முதலில் நீர் வழங்கலை அடைக்க வேண்டும். பின்னர் ரப்பர் வளையத்துடன் குழாயைத் துளைகளில் இறக்கி, அடியிலிருந்து மரையால் இறுக்குவர். சுடுநீர் இடப்பக்கம் அமைவதே வழக்கம்.

பாதுகாப்பு

குழாயின் வாய் தொட்டியின் விளிம்புக்கு மேலே இருத்தல் வேண்டும். வாய் நீரில் மூழ்கியிருக்கும்போது வழங்கல் குழாயில் அழுத்தம் குறைந்தால், தொட்டியின் அழுக்குநீர் குடிநீர்க் குழாய்க்குள் உறிஞ்சப்படலாம்.

60 பாகை செல்சியசு வெப்பமுள்ள நீர் சில நொடிகளில் தோலைச் சுட்டுவிடும். குழந்தைகளுக்கு ஆபத்து மிகுதி. 2010 முதல் இங்கிலாந்தில் புதிய வீடுகளின் குளியல் தொட்டிக்கு வரும் சுடுநீர் 48 பாகையைத் தாண்டக்கூடாது என்பது கட்டட விதியாகும். இதற்கு வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கலவை வால்வு பயன்படுகிறது.