புதுப்பட்டியின் இரண்டு புத்தகங்கள்

தமிழ்நாடு அரசு முத்திரையில் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்று எல்லோரும் சொல்லிக் கேட்டிருப்போம். ஆண்டாளும் பெரியாழ்வாரும் பாடிய ஊர் என்றும் படித்திருப்போம். அதே வட்டாரத்தில், வத்திராயிருப்பு பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிற புதுப்பட்டியைப் பற்றிப் பள்ளியில் எனக்கு யாரும் சொன்னதில்லை. ராஜ் கௌதமனும் பாமாவும் பிறந்த ஊர் அது. ஒரே வீட்டு அண்ணன் தங்கை.

'கருக்கு' படித்தவர்களுக்கு அந்த வடைப் பொட்டலம் நினைவிருக்கும். தெருப் பெரியவர் ஒருவர் நிலக்காரருக்கு வாங்கிய பொட்டலத்தைக் கை படாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார். பள்ளிக்கூடம் விட்டு வந்த சிறுமிக்கு அது வேடிக்கை, சிரிப்பு. அது ஏன் அப்படி என்று அண்ணன் விளக்குகிறார். படித்து முன்னுக்கு வந்தால் மதிப்பார்கள் என்கிறார். அவள் விழுந்து விழுந்து படிக்கிறாள். நம் கூட்டங்களில் இந்தக் கதையை இதோடு நிறுத்திவிடுகிறோம். கைதட்டலும் கிடைத்துவிடுகிறது.

ஆனால் புத்தகம் அங்கே நிற்கவில்லையே. விடுதியில் சாதி, பஸ்ஸில் சாதி. ஆசிரியை ஆன பிறகு, ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று கன்னியர் மடத்தில் சேர்ந்தால் அங்கேயும் சாதி. ஏழு வருடம் இருந்துவிட்டு 1992இல் வெளியேறுகிறார். கையில் வேலையில்லாத அந்த நாட்களில் எழுதியதுதான் 'கருக்கு'. அதே ஆண்டு மதுரையிலிருந்து வெளிவந்தது. படிப்பு என்ன தந்தது என்பதைப் போலவே எதைத் தரவில்லை என்பதையும் எழுதிய புத்தகம் இது.

எம்.ஏ. சமூகவியலில் எம்.என். சீனிவாசின் 'சமஸ்கிருதமயமாக்கல்' படித்திருப்பீர்கள். கீழே தள்ளப்பட்ட சாதிகள் மேலே இருப்பவர்களின் பழக்கங்களை எடுத்துக்கொண்டு ஏறப் பார்க்கும் என்பது. குடகர்களைப் பற்றிய அவரது 1952 நூலிலிருந்து வந்த கருத்து. பேச்சிலும் இது நடக்கிறது. காலேஜ் போன முதல் வருடமே நம் தெருப் பேச்சை மறைக்கப் பழகிவிடுகிறோம். பாமா அதற்கு நேர்மாறாகச் செய்தார். பட்டம் வாங்கிய ஒரு பெண், தன் தெரு எப்படிப் பேசுமோ அப்படியே அச்சில் ஏற்றினார். இலக்கணம் இல்லை, கொச்சை என்றார்கள். லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு கிராஸ்வேர்டு விருது வாங்கிய பிறகு குரல்கள் கொஞ்சம் அடங்கின.

ஊரிலும் முதலில் கோபம்தான். நம்ம வீட்டு விஷயத்தை வெளியே போட்டுவிட்டாளே என்று. சில மாதங்கள் அவர் ஊருக்குள் வர முடியவில்லை. படித்த இளைஞர்கள் எடுத்துச் சொன்ன பிறகுதான் நிலைமை மாறியது. எழுதியவரைப் போலவே வாசித்துக் காட்டியவர்களுக்கும் அந்த வரலாற்றில் இடம் உண்டு. ராஜபாளையத்தில் மில் வேலைக்குப் போகிற பெண்களோடு உட்கார்ந்து சில பக்கங்களைச் சத்தமாக வாசித்தேன். "எங்க அம்மாச்சி பேசுறாப்லயே இருக்கேக்கா" என்றாள் ஒருத்தி. அதுவரை புத்தகம் என்றால் அவளுக்குப் பரீட்சைதான்.

அண்ணன் கதை வேறு மாதிரி. ராஜ் கௌதமன் பிறந்தது 1950. அதே ஆண்டுதான் பட்டியல் சாதிகள் ஆணை வந்தது: இந்துவாக இல்லாதவர் பட்டியல் சாதி இல்லை. (அப்போது சென்னை மாகாண முதல்வர் ராஜபாளையத்துக்காரரான பூ.ச. குமாரசாமி ராஜா. ஆணை போட்டது டெல்லி.) 1956இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தர்களை. கிறிஸ்தவர்கள் இன்னும் வெளியேதான். ஞானஸ்நானம் சாதியைக் கழுவிவிட்டதாக அரசு சொல்கிறது. கல்லறையில் தனி வரிசை போட்ட ஊர்களுக்கு அது தெரியவில்லை போல.

2002இல் அவர் எழுதிய 'சிலுவைராஜ் சரித்திரம்' நாவலில் நாயகன் வேலைக்காக இந்துவாகிறான். தன்னையே கேலி செய்துகொள்ளும் நடை. சிரித்துக்கொண்டேதான் படிப்பீர்கள். தங்கை எழுதியது கோயிலுக்குள்ளும் மடத்துக்குள்ளும் இருந்த சாதியை. அண்ணன் எழுதியது அந்தச் சாதியை ஒப்புக்கொள்ளாத சான்றிதழை. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் முழுப் படம் கிடைக்கும். நம் வாசகர் வட்டங்கள் பெரும்பாலும் முதலாவதோடு நின்றுவிடுகின்றன.

ராஜ் கௌதமன் 2024 நவம்பரில் இறந்தார். அதே மாதம், அவர் பேராசிரியராக இருந்த புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: நம்பிக்கை இல்லாமல் ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்லிக்கொள்வது அரசமைப்புச் சட்டத்தின் மீதான மோசடி. 1950 ஆணையை எதிர்த்த வழக்கோ 2004இலிருந்து அதே நீதிமன்றத்தில் நிலுவை. 2022இல் ஒன்றிய அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஓர் ஆணையம் அமைத்தது.

பிளஸ் டூ முடித்து விண்ணப்பம் நிரப்ப என்னிடம் வருகிற பிள்ளைகளில் சிலருக்கு இரண்டு பெயர். கோயில் பதிவேட்டில் ஒன்று, சான்றிதழில் ஒன்று. வீட்டில் எதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டால், கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறார்கள்.