ஒற்றை இலை

"எத்தனை பேர்?" என்று அந்தப் பெண் கேட்டாள். நான் ஒரு விரலைக் காட்டினேன். அவள் விரலைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். அங்கே யாரும் வரவில்லை என்று நிச்சயமான பிறகு, "ஒருவர்தானா?" என்றாள்.

அந்தத் 'தானா'வில் ஒரு குற்றமும் இல்லை. மரியாதையாகத்தான் கேட்டாள். ஆனாலும் அறுபத்தெட்டு வயதில் ஒரு சாப்பாட்டு விடுதியின் வாசலில் நின்றுகொண்டு, ஏதோ தப்பு செய்துவிட்டவன் போல, "ஆமாம், ஒருவன்தான்" என்று முணுமுணுக்க வேண்டியிருந்தது.

இது நடந்தது கலிபோர்னியாவில், 'தீம் பார்க்' என்று சொல்லும் கேளிக்கைத் தோட்டம் ஒன்றில். எந்தத் தோட்டம் என்பது வேண்டாம். என் பெண்ணும் மாப்பிள்ளையும் பேரன் பேத்தியும் வானத்தில் தலைகீழாகப் போகும் ஒரு ரயிலுக்காக வரிசையில் நின்றார்கள். ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று ஒரு பலகை சொல்லிற்று. இருதயக் கோளாறு உள்ளவர்கள் ஏறக்கூடாது என்று இன்னொரு பலகை சொல்லிற்று. இரண்டாவது பலகையை எனக்காகவே எழுதி வைத்திருந்தார்கள். ஆகவே நாலு பேருடைய மேல்சட்டைகள், தண்ணீர்ப் புட்டிகள், பேத்தியின் தொப்பி இத்தனையையும் சுமந்துகொண்டு நான் சாப்பிடப் போனேன்.

நாலு பேர் உட்காரும் மேஜைக்கு அழைத்துப் போனார்கள். ஒரு பையன் வந்து மூன்று தட்டு, மூன்று முள்கரண்டி, மூன்று கைக்குட்டை என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போனான். நம் ஊரில் பந்தியில் உட்கார்ந்த பிறகு, இரண்டு பக்கத்து இலைகளையும் ஒருவன் வந்து சுருட்டிக்கொண்டு போனால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

சாப்பாடு வருவதற்குள் எனக்கு ஒரு பழைய நண்பன் ஞாபகம் வந்தான். அவன் பெயர் டாபின். அவனும் என்னைப்போல் மற்றவர்களுடைய சால்வைகளைச் சுமந்துகொண்டு ஒரு கேளிக்கைத் தோட்டத்தில் தனியாகச் சுற்றியவன்தான். தாக்கரே 1847, 48-ஆம் வருஷங்களில் எழுதிய 'வானிட்டி பேர்' நாவலில் வருகிறான். இரண்டு ஜோடிகளோடு டாபின் லண்டனில் வாக்ஸ்ஹால் தோட்டத்துக்குப் போகிறான். வாசலில் எல்லோருக்கும் கட்டணம் கொடுப்பவன் அவன். உள்ளே போனதும் ஜோடிகள் தங்கள் தங்கள் வழியில் பிரிந்துவிடுகின்றன. பிறகு அவர்கள் ஒன்று சேர்ந்து சாப்பிட உட்காருகிறார்கள். டாபின் அந்தப் பக்கம் இரண்டு தடவை நடந்து பார்க்கிறான். ஒருவரும் கவனிக்கவில்லை. போட்டிருப்பது நாலு இலைதான். கிளம்பும்போது ஐந்து பேர், இலை நாலு. அவன் இருட்டுப் பாதையின் கோடிக்குப் போய், அங்கே வைத்திருக்கும் அட்டையால் செய்த சந்நியாசிப் பொம்மையைப் பார்க்கிறான். ஒண்டி ஆள் இந்தத் தோட்டத்துக்குப் போவதைப்போலச் சோர்வு தரும் காரியம் வேறில்லை என்று தாக்கரே நடுவில் தம் சொந்த அனுபவமாகவே சொல்லுகிறார்.

படிக்கிற காலத்தில் இந்த இடத்தைப் பக்கத்தோடு பக்கமாகப் புரட்டிக்கொண்டு போனேன். ஜோஸ் என்கிற தடியன் மதுபானத்தைக் குடித்துவிட்டு அடிக்கும் கூத்துதான் சிரிப்பாக இருந்தது. நாலு இலைக் கணக்கு இப்போதுதான் உறைத்தது.

இந்த வாக்ஸ்ஹால் தோட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தேம்ஸ் நதியின் தென்கரையில் 1661-ஆம் வருஷ வாக்கில் திறந்த தோட்டம் அது. அப்போது அங்கே போகப் படகு வேண்டும். நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற ஸாமுவேல் பீப்ஸ் 1667-ஆம் வருஷம் மே மாதக் கடைசியில் ஒரு சிநேகிதரோடு போயிருக்கிறார். (அன்று அவருடைய மனைவி, பனித்துளியில் முகம் கழுவினால் அழகு கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு வேறோர் ஊருக்குப் போயிருந்தாள்.) அங்கே வேண்டுமானால் செலவழிக்கலாம், வேண்டாவிட்டால் சும்மா வரலாம் என்பது பீப்ஸுக்குப் பிடித்திருந்தது. அந்த நாளில் உள்ளே போகக் காசு கிடையாது.

பிறகு ஜோனதன் டயர்ஸ் என்ற கெட்டிக்காரர் 1729-ல் அதைக் குத்தகைக்கு எடுத்தார். அவர் காலத்தில்தான் வாசலில் ஒரு ஷில்லிங் என்று ஏற்பட்டது. 1792 வரையில் அந்த ஒரு ஷில்லிங் உயரவே இல்லை. லாபம் வாசலில் இல்லை, சாப்பாட்டில் இருக்கிறது என்பதை டயர்ஸ் கண்டுகொண்டார். மரங்களுக்கிடையே வரிசை வரிசையாகச் சாப்பாட்டு மாடங்கள் கட்டினார். மூன்று பக்கம் அடைப்பு, முன்பக்கம் திறப்பு, நடுவில் மேஜை. ஒரு மாடத்தில் ஏழெட்டுப் பேர் உட்காரலாம். 1740-களில் பிரான்ஸிஸ் ஹேமன் என்ற ஓவியரையும் அவருடைய ஆட்களையும் வைத்து மாடங்களின் பின்சுவரில் படங்கள் எழுதச் செய்தார். அவற்றில் சில இன்றும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூஸியத்தில் இருக்கின்றன. பனிக்கட்டியில் சறுக்குகிறவர்கள், பால்காரிகளின் மே மாதத் திருவிழா என்று கூட்டங் கூட்டமாக ஜனங்கள்!

முன்பக்கத்தை ஏன் திறந்து வைத்தார்? நடக்கிறவர்கள் சாப்பிடுகிறவர்களைப் பார்க்க வேண்டும். சாப்பிடுகிறவர்கள் நடக்கிறவர்களைப் பார்க்க வேண்டும். சாப்பாடே ஒரு காட்சி. அங்கே பரிமாறிய பன்றிக்கறித் துண்டு எவ்வளவு மெல்லிசு என்றால், அதன் வழியாகப் பத்திரிகை வாசிக்கலாம் என்று லண்டன்வாசிகள் கேலி செய்தார்கள். ஒரே தொடைக்கறியைச் சீவித் தோட்டம் முழுவதையும் மூடிவிடலாம் என்றும் சொன்னார்கள். அந்தக் கறிக்குக் காசு கொடுக்கவும் ஜனங்கள் இருந்தார்கள். அவர்கள் கறிக்குக் கொடுக்கவில்லை. நாலு பேரோடு உட்கார்ந்திருப்பதை நானூறு பேர் பார்ப்பதற்குக் கொடுத்தார்கள். இப்படிப்பட்ட இடத்தில் ஒற்றை ஆளுக்கு என்ன வேலை? எட்டுப் பேர் மாடத்தில் ஒருவன் உட்கார்ந்தால் கடைக்காரருக்கு ஏழு பங்கு நஷ்டம். காட்சியும் கெட்டுப்போகிறது.

1859-ல் வாக்ஸ்ஹாலை மூடிவிட்டார்கள். மாடம் மட்டும் அழியவில்லை. வேறு வேறு வேஷத்தில் அது நூறு வருஷம் கழித்தும் வந்தது.

நடுவில் ஒரே ஓர் இடத்தில் தனி மனிதனுக்கு வழி பிறந்தது. அதை உண்டாக்கியவர் யார் மேலும் கருணை வைத்துச் செய்யவில்லை. நியூயார்க்கை அடுத்த கோனி ஐலண்ட் கடற்கரையில் 1867 வாக்கில் சார்ல்ஸ் பெல்ட்மன் என்ற ஜெர்மானிய ரொட்டிக்காரர் தள்ளுவண்டியில், நீள ரொட்டிக்குள் கறிக்குழலை வைத்து விற்க ஆரம்பித்தார். வியாபாரம் பெருகி, அவரும் பெரிய போஜன மண்டபங்கள் கட்டினார். ரங்கராட்டினம்கூட உண்டு. அவர் கடையில் ரொட்டி அறுத்துக்கொண்டிருந்த நேதன் ஹாண்ட்வெர்க்கர் 1916-ல் விலகிப் போய், பழைய முதலாளி பத்து ஸென்டுக்கு விற்றதை ஐந்து ஸென்டுக்கு விற்றார். இவ்வளவு மலிவாக இருக்கிறதே, எந்த மாமிசமோ என்று ஜனங்கள் தயங்கினார்களாம். வெள்ளை அங்கி மாட்டிய ஆட்களைக் கடை முன்னால் நிறுத்தித் தின்னச் செய்து, டாக்டர்களே சாப்பிடுகிறார்கள் என்று நம்ப வைத்தார் என்று ஒரு கதை. கதையைத் தள்ளுங்கள். கறிக்குழல் ரொட்டிக்கு மேஜை வேண்டாம், தட்டு வேண்டாம், நாற்காலி வேண்டாம். நின்றுகொண்டு தின்கிறவனுக்குத் துணை உண்டா என்று யாரும் பார்ப்பதில்லை. எதிர் நாற்காலி காலியாக இருப்பதற்கு நாற்காலியே இல்லையே!

இனி வால்ட் டிஸ்னியிடம் வருகிறேன். 1940-ஐ ஒட்டிய வருஷங்களில் அவர் வார விடுமுறைகளில் தம் இரண்டு பெண்களையும் லாஸ் ஏஞ்சல்ஸ் கிரிபித் பார்க்கில் இருக்கும் ராட்டினத்துக்கு அழைத்துப் போவார். குழந்தைகள் சுற்றுவார்கள். அவர் பெஞ்சியில் தனியாக உட்கார்ந்து வேர்க்கடலை கொறிப்பார். பெற்றோரும் குழந்தைகளும் சேர்ந்தே அனுபவிக்கும்படி ஓர் இடம் இருக்கக்கூடாதா என்று அங்கேதான் தோன்றிற்று என்று பின்னால் அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். 1955-ஆம் வருஷம் ஜூலை 17-ந் தேதி அனாஹைமில் திறந்த டிஸ்னிலாந்தின் மூலம், தனியாக வேர்க்கடலை தின்ற ஒரு தகப்பனாருடைய சலிப்பு! அந்தச் சலிப்பைத் தீர்க்கக் கட்டிய இடங்களில் பெஞ்சிக்காரனுக்கு இலை இல்லாமல் போனதுதான் வேடிக்கை.

டிஸ்னி 1966 டிஸம்பரில் இறந்து போனார். மறுவருஷம் மார்ச்சில், கடற்கொள்ளைக்காரர் படகுச் சவாரியோடு கூடவே 'ப்ளூ பாயூ' என்ற சாப்பாட்டு விடுதியைத் திறந்தார்கள். படகு போகும் அதே கட்டிடத்துக்குள், தண்ணீர்க் கரையில் மேஜைகள். பட்டப்பகலிலும் அங்கே இரவுதான். பொய் மின்மினிகள்கூட உண்டு. படகில் போகிறவன் சாப்பிடுகிறவனைப் பார்க்கிறான்; சாப்பிடுகிறவன் படகைப் பார்க்கிறான். டயர்ஸ் வந்து பார்த்தால், "என் மாடம்!" என்று கூவியிருப்பார். அந்தப் படகில் நானும் ஏறினேன். கரையோர மேஜை ஒன்றில், ஐம்பது வயதிருக்கும், ஓர் அம்மாள் ஒண்டியாக உட்கார்ந்து சாவதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் படகைப் பார்த்துக் கையை அசைத்தாள். நான் மட்டும் பதிலுக்கு அசைத்தேன். என் பேரன் கொள்ளைக்காரர்களை எதிர்பார்த்து முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒற்றை ஆளை இந்தத் தோட்டங்கள் அடியோடு மறந்தன என்றும் சொல்ல முடியாது. இன்று சில சவாரிகளில் தனி ஆளுக்கென்று ஒரு வரிசை உண்டு. குடும்பங்கள் உட்கார்ந்தபின் மீதமாகும் ஓர் இடத்தில் அவனைச் செருகிவிடுவார்கள். சீக்கிரம் போய்விடலாம். சாப்பாட்டு மேஜையில் அப்படிச் செருக முடியாது. ஜப்பானில் ஒரு யுக்தி செய்தார்கள். டோக்கியோவில், கேளிக்கைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு வளாகத்தில், டோவே யான்ஸன் எழுதிய பின்லாந்துக் குழந்தைக் கதைகளில் வரும் மூமின் பிராணிகளின் பெயரில் ஒரு காபிக்கடை இருந்தது. தனியாக வருகிறவர்களுக்கு எதிர் நாற்காலியில் ஒரு பெரிய மூமின் பொம்மையை உட்கார வைப்பார்கள். 2014-ல் உலகமெல்லாம் அதைப் பற்றிப் பேசிற்று. அன்பு என்றார்கள் சிலர். எனக்கென்னவோ டாபின் பார்க்கப் போன அட்டைச் சந்நியாசிதான் ஞாபகம் வந்தது.

அந்த வாரக் கடைசியில் 'நாட்ஸ் பெரி பார்ம்' போனோம். டிஸ்னிலாந்திலிருந்து ஏழெட்டு மைல்தான். வால்டர் நாட் என்பவர் அங்கே பெரிப் பழம் பயிரிட்டு, சாலையோரம் விற்றுக்கொண்டிருந்தார். ஊரெங்கும் பஞ்ச காலம். அவர் மனைவி கார்டீலியா 1934 ஜூன் 13-ந் தேதி சாயங்காலம் கோழி வறுத்து, தன் கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகளில் எட்டுப் பேருக்குப் பரிமாறினாள். ஆளுக்கு அறுபத்தைந்து ஸென்ட். ஆறே வருஷத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் நாலாயிரம் சாப்பாடு வரையில் போயிற்று. மணிக்கணக்காகக் காத்து நிற்கும் ஜனங்களுக்குப் பொழுது போக வேண்டுமே என்று 1940-ல் நாட் ஒரு பழங்கால ஊரைப் போலக் கட்ட ஆரம்பித்தார். அதுதான் வளர்ந்து தீம் பார்க் ஆயிற்று. மற்ற இடங்களில் தோட்டத்துக்காகச் சாப்பாடு. இங்கே சாப்பாட்டுக்காகத் தோட்டம். 1968-ல்தான் வேலி போட்டு, வாசலில் காசு வாங்கினார்கள். சாப்பாட்டு விடுதி மட்டும் இன்றும் வேலிக்கு வெளியே இருக்கிறது. டிக்கெட் இல்லாமல் போகலாம்.

நான் போனேன். "ஒருவர்" என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். வயதான ஒரு பரிசாரகி, "வாருங்கள்" என்று மட்டும் சொல்லி அழைத்துப் போனாள். கோழி வந்தது, சூடான சிறு ரொட்டிகள் வந்தன, பழக்குழம்பு வந்தது. சாப்பிட்டுக்கொண்டே, அந்தக் கார்டீலியா அம்மாள் முதல் நாள் ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிட்டிருப்பாள் என்று நினைத்தேன்.

என் மனைவி முப்பத்தெட்டு வருஷம் தனியாகத்தான் சாப்பிட்டாள். எல்லோரும் எழுந்த பிறகு, அடுப்பங்கரையில், பெரும்பாலும் பாத்திரத்தோடேயே. பத்தடி தூரத்தில் ஊஞ்சலில் உட்கார்ந்து நான் தாக்கரே படித்துக்கொண்டிருப்பேன். ரயில் பிரயாணத்தில்தான் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சாப்பிட்டிருக்கிறோம். அப்போதும் அவள் தயிர்சாதப் பொட்டலத்தை மடியில் வைத்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டுதான் சாப்பிடுவாள். "எத்தனை பேர்?" என்று அவளை யாரும் கேட்டதில்லை. வீட்டில் எத்தனை இலை என்று எண்ணும்போது அவள் தன்னைச் சேர்த்ததில்லை, நானும் சேர்த்ததில்லை. அவள் போய் நாலு வருஷமாகிறது.

மூன்று மணிக்கு என் பெண் மட்டும் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளையும் குழந்தைகளும் உள்ளே இன்னொரு வரிசையில் நின்றார்களாம்.

"தனியாவா உட்கார்ந்து சாப்பிட்டீங்க? பாவம்ப்பா."

"நீ சாப்பிட்டாயா?"

"குழந்தைகளுக்கு ஏதோ வாங்கிக் கொடுத்தேன். எனக்கு அப்புறம் பார்த்துக்கலாம்."

பரிசாரகியைக் கூப்பிட்டு இன்னொரு தட்டு கொண்டுவரச் சொன்னேன். வேண்டாம், நேரமாகிறது, அவர்கள் காத்திருப்பார்கள் என்றாள். மேல்சட்டைகளை எல்லாம் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு, அவள் சாப்பிட்டு முடிக்கும் வரையில் எதிரே உட்கார்ந்திருந்தேன்.