பின்கட்டுக்கு வந்த கச்சேரி



2020 மார்கழி நினைவிருக்கிறதா? கொரோனாவால் மயிலாப்பூர் சபாக்கள் மூடிக் கிடந்தன; கச்சேரிகள் இணையத்துக்குப் போய்விட்டன. எங்கள் பழைய வீட்டில் மோடம் முன்கூடத்தில்; டி.வி. அம்மா படுத்திருந்த பின்கட்டில். நடுவே இருந்த கனத்த சுவர்களை வைஃபை தாண்டவில்லை. "இந்த வருஷம் கச்சேரியே கிடையாதாடா?" என்று அம்மா தினமும் கேட்டாள்.

பழைய மாணவன் ஒருவன் இரண்டு பவர்லைன் அடாப்டர் கொண்டுவந்தான். ஒன்றை மோடம் பக்கத்திலும் மற்றதை டி.வி. பக்கத்திலும் பிளக்கில் செருகினால், வீட்டு ஒயரிங் வழியாகவே இணையம் போகும். மின்சாரம் வினாடிக்கு 50 முறை அலைகிறது; தகவல் பல லட்சம் முறை. அதனால் இரண்டும் குழம்புவதில்லை.

யோசனை பழையது. 1910-இல் அமெரிக்க ராணுவத்தின் ஜார்ஜ் ஸ்குவையர், ஒரே டெலிபோன் கம்பியில் பல பேச்சுகளை அனுப்பிக் காட்டினார். 1922-இல் மின்கம்பி வழியே வீடுகளுக்கு இசை தர ஒரு கம்பெனி பிறந்தது. 1934-இல் அது 'மியூசாக்' ஆனது. ஆனால் வீடுகளில் வானொலி முந்திக்கொண்டது. சென்னையிலும் 1924-இல் ரேடியோ கிளப், 1930-இல் மாநகராட்சி, 1938-இல் அகில இந்திய வானொலி என்று பாட்டு காற்றில்தான் வந்தது. 2001-இல் 'ஹோம்பிளக்' தரநிலையோடு மின்கம்பி திரும்பி வந்தது.

எங்கள் வீட்டில் முதலில் வேலை செய்யவில்லை. பின்கட்டு வேறு ஃபேஸில் இருந்தது; எலக்ட்ரீஷியன் மாற்றிக் கொடுத்தார். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம், சுவர் பிளக்கிலேயே செருகுங்கள்.

அன்று மாலை தம்புரா சுருதி கேட்டதும் அம்மா தொடையில் தாளம் போட ஆரம்பித்தாள்.

உங்கள் வீட்டிலும் பின்கட்டில் யாராவது இருப்பார்கள். இணையம் அங்கே எட்டுகிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்