மேசை ஒயின்

இத்தாலியச் சிவப்பு ஒயின்களைச் சுவைத்துப் பார்க்கும் மாலை நிகழ்ச்சிகளில், கடைசியில் ஊற்றுவதற்கென்று சில புட்டிகளை ஒதுக்கி வைப்பார்கள். அவற்றில் சஸ்ஸிகாயாவோ திஞ்ஞானெல்லோவோ இருந்தால் கூட்டம் கலையாது. விலையைக் கேட்டால் என்னைப் போன்ற ஓய்வூதியக்காரர்கள் எழுந்து வந்துவிடுவோம். ஆனால் இந்த இரண்டுமே ஒரு காலத்தில் சட்டப்படி கடைசி வகுப்பு ஒயின்கள். புட்டியின் மேல் 'வீனோ தா தாவோலா' என்றுதான் அச்சடிக்க முடிந்தது. பிரெஞ்சில் 'வேன் த தாப்ல்' என்போமே, அதேதான்: மேசை ஒயின்.

காரணம் ஒரு பழைய கடிதம். தஸ்கனியில் ப்ரோலியோ கோட்டைக்குச் சொந்தக்காரரான பெத்தீனோ ரிகாசோலி, இத்தாலியின் பிரதமராக இரண்டு முறை இருந்தவர். பல ஆண்டுகள் தோட்டத்தில் சோதனை செய்து, கியாந்தி ஒயினுக்கான கலவையை 1872இல் ஒரு பேராசிரியருக்கு எழுதி அனுப்பினார். மணத்துக்கும் வலுவுக்கும் சாஞ்ஜோவேசே திராட்சை. அதன் கடுமையைத் தணிக்கக் கனாயோலோ. உடனே குடிக்கும் ஒயினாக இருந்தால் மல்வாசியா என்ற வெள்ளைத் திராட்சையும் சேர்க்கலாம். வைத்திருந்து முதிரவிடும் ஒயினுக்கு வெள்ளை வேண்டியதில்லை என்பது அவர் கருத்து.

1963இல் இத்தாலி ஒயினுக்கான தரப்பெயர்ச் சட்டத்தைக் கொண்டு வந்தது. பிரான்சின் முறையைப் பார்த்து அமைத்ததுதான். 1967இல் கியாந்திக்கு விதி எழுதியபோது, வெள்ளைத் திராட்சை 10 முதல் 30 சதவீதம் கட்டாயம் என்று ஆக்கிவிட்டார்கள். 'சேர்க்கலாம்' என்றிருந்தது 'சேர்க்க வேண்டும்' ஆனது. கோப்புகளோடு காலம் தள்ளிய எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. மட்டமான வெள்ளைத் திராட்சை ஏராளமாக விளைந்த காலம் அது; அதற்கும் ஒரு போக்கிடம் வேண்டியிருந்தது. கியாந்தி நீர்த்துப் போய், வைக்கோல் சுற்றிய புட்டிக்காக மட்டும் பேர்பெற்ற ஒயினாகிவிட்டது.

இதற்கிடையில் மாரியோ இன்சீசா தெல்லா ரொக்கெத்தா என்ற பியெமோந்தே மார்க்கி, மனைவி வழியில் வந்த பொல்கெரி நிலத்தில் 1940களில் கபெர்னே கொடிகளை நட்டிருந்தார். போர்தோவின் திராட்சை, தஸ்கனியின் கடலோரத்தில்! அந்த மண்ணில் நல்ல ஒயின் வராது என்று ஊரார் சொன்னார்கள். கல் நிறைந்த இடம் என்பதால்தான் சஸ்ஸிகாயா என்று பெயர். மனிதருக்கு குதிரைகள் மேல்தான் கூடுதல் மோகம். பாரிசில் ஆர்க் த த்ரியோம்ஃப் பந்தயத்தை 1955இலும் 1956இலும் வென்ற ரிபோ அவர்களுடைய லாயத்துக் குதிரைதான். ஒயினை வீட்டோடு வைத்துக்கொண்டார். 1968ஆம் ஆண்டு விளைச்சல்தான் முதன்முதலில் விற்பனைக்கு வந்தது.

மருமகன் முறையான பியெரோ அந்தினோரி கியாந்திப் பகுதிக்காரர். அவர் 1971 விளைச்சலில் இருந்து திஞ்ஞானெல்லோவுக்குக் கியாந்தி என்ற பெயரே வேண்டாம் என்று விட்டுவிட்டார். பெயரைத் துறந்தால்தான் தரத்தைக் காக்க முடியும் என்ற நிலை. இரண்டு ஒயின்களுக்கும் பின்னால் இருந்த கைகாரர் ஜாக்கோமோ தாக்கிஸ்.

1978இல் லண்டனில் 'டிகாண்டர்' பத்திரிகை பல நாட்டுக் கபெர்னே ஒயின்களை, பெயரை மறைத்து, நிபுணர்களுக்குச் சுவைக்கக் கொடுத்தது. முதலிடம் 1972ஆம் ஆண்டின் சஸ்ஸிகாயாவுக்கு. போர்தோவைப் புகழும் பிரெஞ்சுப் பாடப்புத்தகங்களோடு வளர்ந்த எனக்கு இதை நம்பக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

1986இல் மெத்தனால் கலந்த மலிவு ஒயினைக் குடித்து இத்தாலியில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். ஏற்றுமதி சரிந்தது. 1992இல் புதிய சட்டம் வந்து, மேசை ஒயினுக்கு மேலே இன்னொரு வகுப்பைத் திறந்தது. 1994இல் சஸ்ஸிகாயாவுக்குத் தனியாக ஒரு தரப்பெயரே கிடைத்தது. கியாந்தி கிளாசிக்கோவில் வெள்ளைத் திராட்சையை முற்றிலும் விலக்கியது 2006 விளைச்சலில் இருந்து. ரிகாசோலி அந்தக் கடிதத்தை எழுதி 134 ஆண்டுகள் கழித்து.