துளைத்தகடும் வெஞ்சுரிக் குழாயும்

குழாயில் ஓடும் பாய்மம் குறுகலான இடத்தைக் கடக்கையில் வேகம் கூடி அழுத்தம் குறைகிறது. அந்த அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்திலிருந்து பாய்ந்த அளவைக் கணக்கிடலாம். 1797-இல் இத்தாலிய அறிஞர் ஜொவான்னி பத்தீஸ்தா வெஞ்சுரி வெளியிட்ட ஆய்வைத் துணையாகக் கொண்டு, 1887-இல் அமெரிக்கப் பொறியாளர் கிளெமென்ஸ் ஹெர்ஷல் ஹோலியோக் நகரில் நீரை அளக்கும் மானியை உருவாக்கி, அதற்கு வெஞ்சுரியின் பெயரையே சூட்டினார். குறுகிய கழுத்துக்குப் பின் மெல்ல விரியும் அதன் வடிவம், இழந்த அழுத்தத்தின் பெரும்பகுதியை மீட்டுத் தருகிறது.

இயற்கை எரிவாயு வணிகமோ, நடுவில் வட்டத் துளையிட்ட வெறும் உலோகத் தகட்டையே பெரிதும் நம்பியது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாமஸ் வேமவுத் அமெரிக்காவில் நடத்திய சோதனைகள், தகட்டுக்கு முன்னும் பின்னும் ஓர் அங்குலத் தொலைவில் அழுத்தத்தை அளக்கும் முறைக்கு வழிவகுத்தன. துளையைக் கடந்த வாயுத்தாரை மேலும் சுருங்குவதால், கோட்பாடு சொல்லும் அளவில் ஏறத்தாழ 0.6 பங்கே உண்மையில் பாய்கிறது. உண்டாகும் அழுத்த வேறுபாட்டில் பாதிக்கும் மேற்பட்டது பெரும்பாலும் மீளாமல் போகிறது. இவ்வளவு விரயத்துக்குப் பின்னும் தகடு வென்றதற்குக் காரணம், அதன் துளை விட்டத்தை அளந்து பார்த்தே விற்பவரும் வாங்குபவரும் ஒரே கணக்குக்கு வர முடிந்ததுதான் எனலாம். அமெரிக்க எரிவாயுச் சங்கம் 1930-இலும் 1935-இலும் வெளியிட்ட அறிக்கைகள் அந்தக் கணக்கைப் பொதுவாக்கின.

ஆனால் அந்த நம்பிக்கை முழுவதும் துளையின் கூர்மையான விளிம்பைச் சார்ந்தே நின்றது. மணலோ துருவோ உரசி விளிம்பு மழுங்கினால் தாரை குறைவாகச் சுருங்குகிறது. அதே அழுத்த வேறுபாட்டுக்கு அதிக வாயு கடந்துவிட, மானி குறைத்துக் காட்டி விற்பவருக்கு நட்டம் விளைவிக்கிறது. தகட்டில் துளையோரம் சரிவாகச் சீவிய பின்பக்கத்தை வாயு வரும் திசைக்குத் திருப்பிப் பொருத்தினாலும் அதே பிழைதான் நேர்கிறது.

நீரைப் போலன்றி வாயுவின் அடர்த்தி அழுத்தத்தாலும் வெப்பநிலையாலும் மாறுவதால், வேறுபாட்டை மட்டும் அளந்து பயனில்லை. எனவே, சுழலும் வட்டத்தாளில் ஒரு முள் வேறுபாட்டையும் மற்றொன்று குழாயின் அழுத்தத்தையும் இரு வண்ணக் கோடுகளாக வரைந்தன. அத்தாள்களைச் சேகரித்துக் கணக்கிடுவதே தனித் தொழிலாயிற்று. பாய்வு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தால் வேறுபாடு ஒன்பதில் ஒரு பங்காகிவிடுவதால், தாளின் உட்புறத்தில் ஒடுங்கிய கோட்டைப் படிப்பது கடினமாகவே இருந்தது. இக்குறை வெஞ்சுரிக்கும் உண்டு.

1980-இல் வெளிவந்த ஐஎஸ்ஓ 5167 தரநிலை, துளைத்தகடு, கூம்புமுனை, வெஞ்சுரி மூன்றையும் ஒன்றாகத் தொகுத்தது. அழுத்தத்தை இழக்க வழியில்லாத இடங்களுக்கு வெஞ்சுரியே இன்றும் பொருத்தமானது.