அறுதரப்புப் பேச்சுவார்த்தை

வடகொரியாவை அணு ஆயுதத் திட்டத்தைக் கைவிடச் செய்யும் நோக்கில் 2003 ஆகஸ்ட் முதல் 2008 டிசம்பர் வரை பெய்ஜிங்கில் விட்டுவிட்டு நடந்த பேச்சுவார்த்தை. இரு கொரியாக்கள், சீனா, ஜப்பான், ரஷ்யா, அமெரிக்கா ஆகியவை கலந்துகொண்டன. சீனா தலைமை வகித்தது.

பின்னணி

வடகொரியா 1985இல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 1994இல் ஜெனீவாவில் அமெரிக்காவுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, யோங்பியோன் அணு உலையை நிறுத்திவைத்தது. ஈடாக இரண்டு மென்னீர் அணு உலைகளும், அவை தயாராகும்வரை ஆண்டுக்கு 5 லட்சம் டன் எரியெண்ணெயும் தருவதாகப் பேச்சு. உலைகள் கட்டி முடிக்கப்படவேயில்லை. வடகொரியா மறைவாக யுரேனியம் செறிவூட்ட முயல்வதாக 2002 அக்டோபரில் அமெரிக்கா குற்றஞ்சாட்டியது. அடுத்த மாதமே எண்ணெய் நின்றது. டிசம்பரில் பன்னாட்டு அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் வெளியேற்றப்பட்டனர். 2003 ஜனவரி 10 அன்று வடகொரியா அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது.

ஒரே மேசை, வெவ்வேறு கவலைகள்

வடகொரியா அமெரிக்காவுடன் மட்டும் பேச விரும்பியது. அமெரிக்காவின் புஷ் அரசோ அண்டை நாடுகளும் உடன் இருக்க வேண்டும் என்றது. பெய்ஜிங்கின் தியாவ்யூதாய் அரசு விருந்தினர் மாளிகையில் போடப்பட்ட அறுகோண மேசை இந்த இரு பிடிவாதங்களுக்கும் இடையில் சீனா கண்ட வழி.

ஆனால் ஆறு நாடுகளும் அஞ்சியது ஒன்றுக்கல்ல. வடகொரிய அரசு கவிழ்ந்தால் எல்லையில் அகதிகள் குவிவார்கள், அமெரிக்கப் படை நெருங்கி வரும் என்பது சீனாவின் அச்சம். தென்கொரியத் தலைநகர் சியோல் வடகொரியப் பீரங்கிகள் எட்டும் தொலைவில் இருக்கிறது. ஜப்பானுக்கு ஆறாத இன்னொரு காயமும் இருந்தது. ஜப்பானியர் 13 பேரைத் தங்கள் ஆட்கள் கடத்தியதாக 2002இல் பிரதமர் கொய்சுமியிடம் வடகொரியத் தலைவர் கிம் ஜோங் இல் ஒப்புக்கொண்டார். அவர்களுள் ஐவர் மட்டுமே நாடு திரும்பினர். மற்றவர்களுக்கு என்ன ஆயிற்று என்று தெரியும்வரை, பின்னர் 2007 உடன்பாட்டில் பேசப்பட்ட எரியெண்ணெயில் தன் பங்கைத் தர ஜப்பான் மறுத்தது. அணு விவகாரத்தை இது சிக்கலாக்கியது உண்மை. ஆனால் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களின் கேள்வியை ஒதுக்கிவைக்க எந்த ஜப்பானிய அரசாலும் இயலாது.

2005 கூட்டறிக்கையும் மக்காவ் பணமும்

2005 செப்டம்பர் 19 அன்று வெளியான கூட்டறிக்கையில், எல்லா அணு ஆயுதங்களையும் அணுத் திட்டங்களையும் கைவிட வடகொரியா உறுதியளித்தது. தாக்கும் எண்ணம் இல்லை என்றது அமெரிக்கா. மென்னீர் உலை பற்றி ‘உரிய காலத்தில்’ பேசுவதாக எழுதிக்கொண்டார்கள். அந்தக் காலம் எது என்பதில் மறுநாளே சச்சரவு தொடங்கிவிட்டது.

அதே மாதம் அமெரிக்க நிதித்துறை, மக்காவிலுள்ள பாங்கோ டெல்டா ஆசியா வங்கிமீது பணமோசடிப் புகார் சுமத்தியது. அங்கிருந்த வடகொரியக் கணக்குகளில் சுமார் 2.5 கோடி டாலர் முடங்கியது. ஒரு நாட்டுக்கு இது பெரிய தொகையல்ல. ஆனால் மற்ற வங்கிகளும் அஞ்சி வடகொரியாவிடமிருந்து விலகத் தொடங்கின. பேச்சு நின்றுபோனது. 2006 அக்டோபர் 9 அன்று வடகொரியா முதல் அணுகுண்டுச் சோதனையை நடத்தியது.

2007 பிப்ரவரி 13இல் புதிய உடன்பாடு ஏற்பட்டது: 60 நாளில் யோங்பியோனை மூடினால் 50,000 டன் எண்ணெய், செயலிழக்கச் செய்தால் மேலும் 9.5 லட்சம் டன்னுக்கு ஈடான உதவி. முடக்கிய பணத்தைத் திருப்பித் தரவும் அமெரிக்கா இசைந்தது. ஆனால் அதைக் கைமாற்றிவிட வங்கிகள் முன்வரவில்லை. கெடு கடந்தது. கடைசியில் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கி, ரஷ்ய மத்திய வங்கி வழியாக, ரஷ்யாவின் தூரகிழக்கில் ஒரு வங்கியிலிருந்த வடகொரியக் கணக்குக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. ஜூலையில் உலை மூடப்பட்டது.

முறிவு

2008 ஜூன் 27 அன்று யோங்பியோன் உலையின் குளிரூட்டும் கோபுரத்தை வெளிநாட்டுத் தொலைக்காட்சிக் குழுக்களின் கண்முன் வெடிவைத்துத் தகர்த்தார்கள். படம் உலகெங்கும் ஒளிபரப்பானது. சரிபார்ப்பில்தான் எல்லாம் சிக்கியது. வடகொரியா ஒப்படைத்த ஏறத்தாழ 18,000 பக்க உலைப் பதிவேடுகளில் செறிவூட்டிய யுரேனியத்தின் தடயம் இருந்ததாக அமெரிக்காவிலிருந்து செய்தி கசிந்தது. அமெரிக்கா மண்ணையும் கழிவையும் மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றது. ஆய்வாளர்கள் உலையைப் பார்க்கலாம், ஆவணங்களைப் படிக்கலாம், ஊழியர்களிடம் பேசலாம், மாதிரி மட்டும் கூடாது என்றது வடகொரியா. அக்டோபரில் அமெரிக்கா தன் பயங்கரவாத ஆதரவு நாடுகள் பட்டியலிலிருந்து நீக்கியும் வடகொரியா இளகவில்லை. டிசம்பர் கூட்டம் உடன்பாடின்றிக் கலைந்தது. 2009 ஏப்ரலில் ஏவிய ராக்கெட்டை ஐ.நா. பாதுகாப்புச் சபை கண்டித்ததும், இனி ஒருபோதும் பங்கேற்பதில்லை என்று வடகொரியா அறிவித்தது. மே 25 அன்று இரண்டாவது சோதனையை நடத்தியது.

மாதிரி கேட்டதில் நியாயம் இருந்தது. 2010 நவம்பரில் அமெரிக்க அணு அறிவியலாளர் சீக்ஃபிரீட் ஹெக்கரை யோங்பியோனுக்கு அழைத்துச் சென்று, சுமார் 2,000 மையவிலக்கிகள் கொண்ட செறிவூட்டல் கூடத்தை வடகொரியர்களே காட்டினார்கள். 2013இல் பழைய உலையும் வேறு குளிரூட்டும் ஏற்பாட்டுடன் மீண்டும் இயங்கத் தொடங்கியது.

பின்னர்

2017 செப்டம்பருக்குள் வடகொரியா ஆறு அணுகுண்டுச் சோதனைகளை முடித்திருந்தது. 2018இல் சிங்கப்பூரிலும் 2019இல் ஹனோயிலும் அமெரிக்க அதிபர் டிரம்பும் வடகொரியத் தலைவர் கிம் ஜோங் உன்னும் நேரில் சந்தித்தபோது மற்ற நான்கு நாடுகள் மேசையில் இல்லை. 2022 செப்டம்பரில் அணு ஆயுத நாடு என்ற தகுதியை மாற்ற முடியாததாக வடகொரியா சட்டமாக்கியது. வடகொரியா மீதான தடைகளைக் கண்காணித்துவந்த ஐ.நா. வல்லுநர் குழுவின் பணிக்கால நீட்டிப்பை 2024 மார்ச்சில் ரஷ்யா தடுப்பதிகாரத்தால் நிறுத்தியது. ஜூனில் வடகொரியாவுடன் பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தமும் செய்துகொண்டது.